உயிரியல் பூங்கா புதுப்பிக்கப்படட்டும், ஓட்டேரி ஏரிக்கு வரும் தண்ணீரை மறிக்காமல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டு 2025 ஜூலை 24ஆம் தேதியோடு நாற்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இத்தனை ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்ற விலங்குக் கூடங்களையும், அகழிச் சுவர்களையும், தண்ணீர்த் தொட்டிகளையும், பாதைகளையும், கழிப்பிடங்களையும் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பூங்காவை மேம்படுத்துவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் புதிய விலங்குகள், புதிய கூடங்கள், பார்வையாளர் வசதிகள் ஆகியவை மட்டுமே பேசப்படுகின்றன. அந்த வேலைகள் நடக்கப்போகும் மண்ணுக்கும், அதன்மேல் ஓடும் தண்ணீருக்கும், அதில் வேர்விட்டிருக்கும் மரங்களுக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. பூங்காவை அடுத்த நெடுங்குன்றத்தில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையிலும், கட்டட வேலைகளில் மேற்பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும் அந்தக் கேள்வியைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

சென்னையின் உயிரியல் பூங்காவுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபோர் தொடங்கிய விலங்குக் காட்சி, 1863இல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்லிக்கொண்டு வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுப் போன காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பீப்பிள்ஸ் பார்க்கின் பரப்பு 116 ஏக்கர். அதற்குள் குளங்கள் பல இருந்தன. அந்தத் தோட்டம் ஒரே நாளில் அழிக்கப்படவில்லை. மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு, ரிப்பன் மாளிகைக்கு ஒரு துண்டு, ரயில்வேக்கு ஒரு துண்டு, பின்னாளில் விளையாட்டரங்குக்கு ஒரு துண்டு என்று ஒவ்வொரு முறையும் நியாயமாகத் தோன்றிய ஒரு காரணத்துக்காகவே அது குறைந்துகொண்டு வந்தது. எஞ்சியிருப்பது மை லேடி பூங்கா என்ற சிறு பகுதிதான். அங்கே விலங்குகளுக்கு இடம் போதாமல் போனதாலேயே, 1970களின் பிற்பகுதியில் வண்டலூர் காப்புக் காட்டில் இடம் ஒதுக்கப்பட்டு, 1985இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். இன்று அதன் பரப்பு சுமார் 602 ஹெக்டேர். இவ்வளவு இடம் இருக்கிறதே, இதில் ஓர் ஏக்கர் அங்கும் இங்கும் போனால் என்ன என்று யாருக்கும் தோன்றக்கூடும். அன்று 116 ஏக்கரைப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

வண்டலூர் பூங்கா தொடங்கியபோது அது ஊருக்கு வெளியே இருந்தது. இப்போது ஊர் அதைச் சுற்றி வளைத்துவிட்டது. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை, இன்னொரு பக்கம் கேளம்பாக்கம் சாலை, மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலையின் தொடக்கம், 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம், அவற்றைச் சூழ்ந்து முளைத்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்று நாலாபுறமும் கான்கிரீட் நெருங்கிவந்த பிறகு, இந்தப் பகுதியில் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க மீதமுள்ள பெரிய பரப்புகளில் ஒன்றாகப் பூங்காவும் அதை ஒட்டிய காடும் ஆகிவிட்டன. ஆகவே பூங்காவுக்குள் போடப்படும் ஒவ்வொரு சதுர மீட்டர் தளமும் எங்கள் ஊர்க் கிணறுகளையும் தொடும் விஷயம்.

அதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். சென்னை வட்டாரத்தின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 602 ஹெக்டேரில் ஓராண்டில் விழும் தண்ணீர் ஏறத்தாழ 0.3 டி.எம்.சி. ஆகிறது (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இது புழல் ஏரியின் முழுக் கொள்ளளவில் பதினொன்றில் ஒரு பங்கு. இதில் பெரும்பகுதி ஆவியாகவும் இலை வழியாகவும் வானுக்கே திரும்பிவிடும் என்றாலும், மீதியைப் பிடித்து நிறுத்துவது இந்த நிலம்தான். ஒரு ஹெக்டேர் நிலத்தைத் தளம் போட்டு மூடினால், நூறு மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரே நாளில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் அதன்மேல் விழுந்து, உள்ளே இறங்க வழியின்றி ஓடத் தொடங்குகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் லாரிகளில் நிரப்பினால் எண்பது லாரிகளுக்கு மேல் வரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் எப்படி மூழ்கின என்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, எண்பது லாரித் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பது தேவையற்ற கவலையாகத் தோன்றாது.

வண்டலூர் குன்றும் அதன் அடிவாரமும் பல்லாவரம் முதல் நீண்டுவரும் சார்னோகைட் என்ற கடினப் பாறையின் மேல் அமைந்தவை. மேலே மெல்லிய மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடும் கெட்டிப் பாறை. கடற்கரை மணலில் இறங்குவதுபோல் இங்கே தண்ணீர் எளிதில் இறங்காது. மேல்மண்ணுக்கும் பாறைக்கும் இடையே ஊர்ந்து, எங்கே வெடிப்பு கிடைக்கிறதோ அங்கே இறங்கும். இப்படிப்பட்ட நிலத்தில் ஆழமாகப் பள்ளம் தோண்டினால் என்ன ஆகும் என்பதை வேலையிடங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்து பல வாரங்கள் கழித்தும் பள்ளத்தின் ஓரத்தில் கண்ணீர்போல் ஊற்று கசியும். வேலை கெடாமலிருக்க மோட்டார் வைத்து இரவும் பகலும் அதை இறைத்து வெளியே விடுவார்கள். அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றுக்கோ குட்டைக்கோ போய்ச் சேரவேண்டியது என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. விலங்குகளைப் பார்வையாளரிடமிருந்து பிரிக்கும் அகழி இத்தகைய பள்ளம்தான். புதிய கூடம் ஒவ்வொன்றுக்கும் எங்கே அகழி வெட்டப்படுகிறது, அது எந்த நீரோட்டத்தை அறுக்கிறது என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலங்குகளைப் பார்க்க வரும் கூட்டம் புலிக்கும் யானைக்கும் முன்னால் நின்றுவிட்டுப் போய்விடும். நான் என் பேத்தியை அழைத்துப் போகும்போது முதலில் ஏரிக்குத்தான் போவேன். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதால், புதன்கிழமை காலையில் பறவைகள் கூச்சமில்லாமல் கரைக்கு அருகே வந்திருக்கும் என்பது எங்கள் அனுபவம். ஒருமுறை பாம்புத்தாரா ஒன்று பட்டுப்போன மரத்தின் கிளையில் அமர்ந்து, நனைந்த இறக்கைகளை இரு பக்கமும் விரித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தது. அது பொம்மையா என்று கேட்ட பேத்தி, கழுத்தை வளைத்து அது தன் இறகைக் கோதத் தொடங்கியதும் வாயடைத்துப்போனாள். அந்தப் பறவையை யாரும் கூண்டில் அடைத்து வைக்கவில்லை. யாரும் அதற்கு மீன் வாங்கிப் போடவில்லை. நீர்க்காகங்களும், கொக்குகளும், அரிவாள்மூக்கன்களும், மஞ்சள்மூக்கு நாரைகளும் டிக்கெட் விலைக்குக் கணக்கில் வராத விருந்தாளிகளாக அங்கே வந்து போகின்றன. ஏரியில் தண்ணீர் இருக்கும்வரைதான் அவை வரும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளே தரை வெடித்துக் கிடந்ததைக் கண்டோம். ஓட்டேரியும் வறண்டு, பறவைகள் கைவிட்டுப்போன காலங்களை இந்தப் பகுதி மக்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஏரியைத் தூர்வாரினால் போதும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஏரியின் உயிர் அதன் வயிற்றில் மட்டும் இல்லை, வரத்துக் கால்வாய்களிலும் இருக்கிறது. குன்றின் சரிவிலிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் கால்வாய் என்று பெயர் சொல்லக்கூட முடியாத சிறு ஓடைத் தடங்கள் வழியாகத்தான் வந்து சேர்கிறது. கோடையில் பார்த்தால் அது வெறும் பள்ளம்போல் இருக்கும், காய்ந்த சருகு மூடிக் கிடக்கும். எஸ்டிமேட் போடுகிற இளம் பொறியாளர் மே மாதத்தில் வந்து அளவெடுத்தால் அந்தத் தடம் அவர் கண்ணில் படாது. அதன்மேல் பேட்டரி வாகனத்துக்கான பாதை ஒன்று போடப்படும். பாதையின் கீழே ஓரடிக் குழாய் ஒன்று பதிக்கப்பட்டிருந்தால் நல்லது, அதுவும் இரண்டே மழையில் சருகும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு, மழை பெய்தும் ஏரி ஏன் நிரம்பவில்லை என்று எல்லோரும் வியப்போம். பேவர் பிளாக் கல் பதித்தால் இடுக்கில் தண்ணீர் இறங்கும் என்ற சமாதானமும் சொல்லப்படுவதுண்டு. கல்லுக்கு அடியில் கான்கிரீட் படுகை போட்டு அதன்மேல் மணல் பரப்பிப் பதித்தால், இடுக்கில் இறங்கிய தண்ணீர் அந்தப் படுகையின் மேலேயே நின்றுவிடும் என்பது அந்த வேலையைச் செய்த எவருக்கும் தெரியும்.

மழைத்தண்ணீரைவிடக் கவலை தருவது கழிவுநீர். நன்கு வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்னும், அதில் பாதிக்கும் மேல் செரிக்காமல் சாணமாக வெளியே வரும். நீர்யானை தன் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே கழிவதால் அந்தத் தண்ணீரை அடிக்கடி மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளியேறும் பச்சை நிறத் தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைந்திருக்கும். அது சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குப் போனால் ஆகாயத்தாமரை பெருகும், பாசி படரும், மீன் மூச்சுத் திணறும். நிலத்துக்குள் போனால், நான் மேலே சொன்ன பாறை வெடிப்பு வழியாக வடிகட்டப்படாமலே கிணறுகளை எட்டும். இதோடு மாமிசம் தின்னும் விலங்குகளின் கூடங்களைக் கழுவிய தண்ணீர், மருத்துவமனைக் கழிவு, கிருமிநாசினி, நோயுற்ற விலங்குகளுக்குக் கொடுத்த மருந்துகளின் எச்சம் ஆகியவையும் சேர்கின்றன. 2021 ஜூனில் கொரோனா தொற்றால் இந்தப் பூங்காவின் சிங்கங்கள் நோயுற்று, நீலா என்ற பெண் சிங்கம் உட்பட இரண்டு சிங்கங்கள் இறந்தபோது, மனிதனின் நோயும் விலங்கின் நோயும் எவ்வளவு நெருங்கியவை என்பது நம் கண்ணெதிரே நிரூபணமானது. புதிய கூடங்களுக்கு முன்னால், ஏற்கெனவே உள்ள கூடங்களின் கழிவுநீர் எல்லாம் எங்கே போகிறது என்று முழுமையாக அளந்து, அதற்கேற்ற சுத்திகரிப்பு நிலையத்தை முதலில் அமைத்து, சுத்தமான நீரைத் தொட்டி கழுவவும் தீவனப் புல் வளர்க்கவும் திருப்பிப் பயன்படுத்துவதே முறையான வரிசை. நடைமுறையில் கழிவுநீர் வேலைதான் எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், பணம் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

மரங்களுக்கு வருகிறேன். 2016 டிசம்பர் 12 அன்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய வர்தா புயலில் இந்தப் பூங்கா ஆயிரக்கணக்கான மரங்களை இழந்து பல வாரங்கள் மூடிக் கிடந்தது. அந்தப் புயலில் சென்னை முழுவதும் அதிகம் சாய்ந்தவை குல்மொஹர் போன்ற, வேர் ஆழமாக இறங்காத வெளிநாட்டு அழகு மரங்கள் என்பதைப் பலரும் எழுதினார்கள். அதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது வேர் வெட்டப்பட்ட மரங்களின் கதி. நான் மேற்பார்வை பார்த்த ஒரு வளாகத்தில் முதிர்ந்த வேப்பமரம் ஒன்று இருந்தது. மரத்தை வெட்டக் கூடாது என்று உத்தரவு. நாங்களும் வெட்டவில்லை. ஆனால் அதன் அடிமரத்திலிருந்து நாலடி தள்ளிக் கேபிள் பதிக்கப் பொக்லைன் ஒரு நீளமான பள்ளம் தோண்டியது. தொடை பருமனுள்ள ஒரு வேர் அறுபட்டு, உள்ளே சிவந்த வெட்டுமுகம் தெரிந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. பள்ளத்தை மூடி, மேலே புல்லும் பதித்தோம். ஆவணத்தில் ‘மரம் பாதுகாக்கப்பட்டது’ என்றுதான் இருக்கிறது. வர்தாவில் அந்த மரம், அறுபட்ட வேருக்கு எதிர்ப்பக்கமாக, சரியாகக் கோடு போட்டதுபோல் சாய்ந்தது. அன்று தடுத்துச் சொல்லாதவர்களில் நானும் ஒருவன் என்பதாலேயே இன்று இதைச் சொல்கிறேன். ஆகவே எத்தனை மரம் வெட்டப்படும் என்ற ஒரே கணக்கு போதாது. எந்தெந்த மரத்தின் கிளைப் பரப்புக்குக் கீழே பள்ளம் தோண்டப்படும், லாரி ஏறி மண் இறுகும், ஜல்லி கொட்டப்படும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

வெட்டிய மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்று நடுவோம் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் விடையாகாது. வண்டலூர் குன்றுப் பகுதியின் இயல்பான தாவரங்கள் கண்ணைக் கவரும் உயரமுள்ளவை அல்ல. களாவும், சூரையும், காரையும், ஆவாரையும், விளாவும், வெப்பாலையும் கலந்த முள்ளும் புதருமான காடு அது. அதிகாரிகளின் கோப்பில் இது பெரும்பாலும் ‘புதர் அகற்றுதல்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் புதருக்குள்தான் கௌதாரி முட்டையிடுகிறது, கீரி குட்டி போடுகிறது, சின்னான் குருவி சூரைப்பழம் தின்று விதையைப் பரப்புகிறது. பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் எந்த இலையைத் தின்னும் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும், புல்வெளியில் அவற்றுக்கு ஒன்றும் இல்லை. புதரை அகற்றிப் புல்தரை போட்டால் அதற்குக் கோடையில் தினமும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், களைக்கொல்லி தெளிக்க வேண்டும். எதுவும் கேட்காமல் இருந்த நிலத்தை, எல்லாம் கேட்கும் நிலமாக நாமே மாற்றிக்கொள்கிறோம். சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் தாராளமாக அகற்றட்டும், அதை நானும் வரவேற்கிறேன். எது அந்நியச் செடி, எது இந்த மண்ணின் செடி என்று தெரிந்த ஒருவர் கூடவே நின்று அகற்றச் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை.

வேலை நடக்கும் காலத்துச் சேதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர்கள் தங்கும் கொட்டகைக்குக் கழிப்பிடமும் சமையல் எரிவாயுவும் கொடுக்கப்படாவிட்டால், ஓடைக்கரை கழிப்பிடமாகும், அக்கம்பக்கத்துப் புதர் விறகாகும். குற்றம் அந்தத் தொழிலாளர்களுடையது அல்ல, அவர்களுக்குக் கொடுக்காதவர்களுடையது. இடித்த கட்டடத்தின் சிமென்ட் குப்பையை அப்புறப்படுத்துவதற்கு 2016 முதலே தனி விதிகள் இருக்கின்றன. இருந்தும் புறநகரில் ஏரிக்கரைகள் எதனால் அகலமாகிக்கொண்டு போகின்றன என்பது இரவில் லாரிகளின் சத்தம் கேட்கும் எல்லோருக்கும் தெரியும். இரவு விளக்குகளையும் இதில் சேர்க்க வேண்டும். வேலைக்காகப் போடப்படும் ஃபிளட் லைட் வேலை முடிந்தும் பாதுகாப்புக்காக என்று நின்றுவிடுகிறது. ஆந்தைக்கும் வவ்வாலுக்கும் மின்மினிக்கும் இருட்டு என்பது வாழிடம். பூங்காவை இரவிலும் திறக்கலாம் என்ற யோசனை எப்போதாவது வந்தால், அதை மிகுந்த தயக்கத்தோடு அணுக வேண்டும் என்பது என் கருத்து. நாலாபுறமும் சாலை வெளிச்சம் சூழ்ந்த ஒரு காட்டில் மிச்சமிருக்கும் இருட்டை நாமே அணைத்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் கேட்டுப் பெறுவதற்குச் சட்டம் துணைநிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நிலைமை அப்படி இல்லை. 1992இல் அமைக்கப்பட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையமும் 2009ஆம் ஆண்டின் அங்கீகார விதிகளும் ஒவ்வொரு பூங்காவுக்கும் பெருந்திட்டம் வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. அவற்றின் முதன்மை அக்கறை, அடைக்கப்பட்ட விலங்குகளின் நலன். அது மிகவும் தேவையானது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் உயிரியல் பூங்கா என்ற இனமே இல்லை. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் கட்டுமானத் திட்டம் என்ற வகையில் அனுமதி தேவைப்படும். சிறு சிறு கட்டடங்களாக ஆண்டுக்கு ஆண்டு கட்டினால் அந்த எல்லையைத் தொடவேண்டிய நிலையே வராமல் போகலாம். 2023இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டமோ, சரணாலயம், தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே உள்ள காடுகளில் அரசு அமைக்கும் உயிரியல் பூங்காவையும் சஃபாரியையும், மத்திய அரசின் முன் அனுமதி தேவைப்படும் ‘வனம் சாராத பயன்பாடு’ என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றிப் புதிய பூங்காக்களையும் சஃபாரிகளையும் வனப்பகுதிகளில் அமைக்கக் கூடாது என்றது. அது ஆறுதல் தரும் உத்தரவு. ஆனால் ஏற்கெனவே உள்ள பூங்காவுக்குள் நடக்கும் மறுசீரமைப்பின் நீரையும் மண்ணையும் அலசிப் பார்த்து, மக்கள் முன் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்தில் தெளிவாக இல்லை.

சட்டம் கட்டாயப்படுத்தாததைத் தானாகச் செய்வதற்குத் தடை எதுவும் இல்லை. சிங்கப்பூரில் மண்டாய் வட்டாரத்தில் விலங்கியல் தோட்டத்தை ஒட்டிப் புதிய பூங்காக்களையும் தங்கும் விடுதியையும் அமைக்கும் பெருந்திட்டம் தொடங்கியபோது, தாக்க மதிப்பீடு செய்யப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பக்கத்துக் காட்டின் விலங்குகள் கடந்துபோக, மண்டாய் லேக் சாலைக்கு மேலே மரம் செடி நட்ட பாலமும் கட்டப்பட்டது. அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது. நிலம் திருத்தும் வேலை தொடங்கியது முதலில். பாலம் திறக்கப்பட்டது 2019 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் எறும்புத்தின்னி, சிறுத்தைப்பூனை, கடமான் ஆகியவை அந்தச் சாலைகளில் அடிபட்டு இறந்தது அந்நாட்டில் பெரிய விவாதமாயிற்று. நல்ல திட்டம், நல்ல ஆய்வு, போதுமான பணம் எல்லாம் இருந்தும் வரிசை மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வண்டலூரிலும் காட்டிலிருந்து பூங்காவுக்கும் பூங்காவிலிருந்து காட்டுக்கும் புள்ளிமான்கள் தாமாகவே நடமாடுகின்றன. எந்த வழியாக என்பதைக் களப்பணியாளர்களைக் கேட்டாலே காட்டிவிடுவார்கள்.

பார்வையாளர் வசதி வேண்டாமா, குழந்தைகளும் முதியவர்களும் வெயிலில் நடக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, நானும் முதியவன்தான். காணும் பொங்கலன்று பூங்காவில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் ஆண்டில் ஒருசில நாள்களில் வரும் கூட்டத்தைக் கொண்டு வாகன நிறுத்தத்தையும் பாதையையும் அளவிட்டால், மற்ற நாள்களில் வெறும் தளமாகக் கிடந்து சூடேறும் பரப்பைத்தான் உண்டாக்குவோம். அந்த நாள்களுக்கு இணைய வழியில் முன்பதிவும் பேருந்துகளும் போதும். கிளாம்பாக்கம் இவ்வளவு அருகில் வந்துவிட்ட பிறகு, பூங்காவுக்குள் வாகன நிறுத்தத்தை விரிவாக்க வேண்டிய தேவை குறைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நிழலுக்கு இரும்புக் கூரையைவிடப் புங்கமரம் சிறந்தது. அது வளரக் காலமாகும் என்பதால்தான் கட்டடத்துக்கு முன்பே நட வேண்டும் என்கிறேன்.

எனவே பூங்கா நிர்வாகத்தையும் வனத்துறையையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி கோரப்படும் முன், இப்போதுள்ள தளப் பரப்பு எவ்வளவு, வேலை முடிந்தபின் எவ்வளவு இருக்கும் என்பதையும், ஓட்டேரிக்கு வரும் ஓடைத் தடங்கள் எவை என்பதையும், கழிவுநீரின் அளவையும் அது போகும் இடத்தையும், வெட்டப்படும் மரங்களோடு வேர் பாதிக்கப்படும் மரங்களையும் காட்டும் ஓர் அறிக்கையைத் தமிழில் வெளியிட வேண்டும். அதன் வரைபடத்தை நுழைவாயிலில் எல்லோர் பார்வைக்கும் வைத்து, நெடுங்குன்றம், கொளப்பாக்கம், வண்டலூர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். பூங்கா உருவான நாள்களில் வறண்ட புதர்க்காட்டில் மரக்கன்று நட்டவர்களில் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களும் உண்டு. அவர்களுக்கு இந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஓடைத் தடங்களை மே மாதத்தில் அளக்க வேண்டாம் என்பதையும் வற்புறுத்திக் கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குடையோடு நடந்து, ஓடுகிற வழியில் ஓர் அடையாளக் கல் நட்டு வந்தால், அதற்குப் பெரிய கருவியோ செலவோ தேவையில்லை. அப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டால், நில மட்டத்தை அளந்து குறிக்கும் என் பழைய லெவல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உடன்வர நான் தயாராக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுங்குன்றம் வாசகர்